ஒரு கப் தேன் எத்தனை கிராம்? 250 கிராம் பாட்டில் ஏன் கப்பை நிரப்பவில்லை?

நீங்கள் கேட்டிருப்பது இது: வெளிநாட்டுக் கேக் ரெசிபி ஒன்றில் 1 கப் தேன் என்று இருந்தது. உங்கள் கப்பின் அடியில் 250 மில்லி என்று பொறித்திருந்ததால், கடையிலிருந்து 250 கிராம் தேன் பாட்டில் ஒன்றை வாங்கி வந்து கவிழ்த்தீர்கள். முக்கால் கப்கூட வரவில்லை. பாட்டிலில் எடையைக் குறைத்துவிட்டார்களா, தேனில் ஏதாவது கலந்திருக்கிறார்களா, ஒரு கப் தேன் என்றால் எத்தனை கிராம் என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது. ரெசிபி கப்பில் பேசுகிறது, பாட்டில் கிராமில் பேசுகிறது, இதில் எதை நம்பிச் சமைப்பது என்பது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும்.

நான் உணவு அறிவியல் படித்தவள். 15 வருடமாகச் சின்ன அளவில் ஒரு பேக்கரி நடத்துகிறேன். தேன் கேக், தேன் பிஸ்கட், ஓட்ஸ் பார் என்று தினமும் தேன் கையில் ஒட்டாத நாள் கிடையாது. முதலில் உங்கள் கவலையைத் தீர்த்துவிடுகிறேன். பாட்டில் சரியாகத்தான் இருக்கிறது. 250 கிராம் தேன் ஏறக்குறைய 177 மில்லி இடத்தைத்தான் அடைக்கும். 250 மில்லி கப்பில் ஊற்றினால் முக்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும். நீங்கள் பார்த்ததும் அதுவே. உண்மையில் கப் நிறைந்திருந்தால்தான் நான் பயந்திருப்பேன். 250 கிராம் எடையுள்ள ஒன்று 250 மில்லி இடத்தை அடைத்தால் அது தண்ணீர்.

கிராமும் மில்லியும் ஒன்று என்று நம் மனதில் பதிந்திருப்பதற்குக் காரணம் தண்ணீரும் பாலும். தண்ணீர் 100 மில்லி 100 கிராம். பால் 103 கிராம் வரும், அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சமையலறையில் இன்னொரு பொருள் இந்த உண்மையை அட்டையிலேயே எழுதி வைத்திருக்கிறது. எண்ணெய் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். 1 லிட்டர் என்று பெரிதாகவும், அதன் பக்கத்தில் 910 கிராம் என்று சிறிதாகவும் போட்டிருக்கும். எண்ணெய் தண்ணீரைவிட லேசு, அதனால் ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோவை எட்டுவதில்லை. தேன் அதற்கு நேர் எதிர்ப்பக்கம். ஒரு லிட்டர் தேன் ஏறக்குறைய 1 கிலோ 400 கிராம்.

இங்கே பலருக்கு ஒரு குழப்பம் வரும். தேன் கெட்டியாக இருப்பதால்தான் கனம் என்று நினைப்பார்கள். கெட்டிக்கும் கனத்துக்கும் சம்பந்தம் இல்லை. விளக்கெண்ணெயைப் பாருங்கள், எவ்வளவு கெட்டியாக ஒழுகுகிறது, ஆனாலும் தண்ணீரில் விட்டால் மிதக்கும். தேன் கனமாக இருப்பது அதில் கரைந்திருக்கும் சர்க்கரையால். நல்ல தேனில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சர்க்கரைதான், மீதி தண்ணீர். பழச்சர்க்கரையும் திராட்சைச் சர்க்கரையும் அத்தனை நெருக்கமாக அந்தக் கொஞ்சம் தண்ணீருக்குள் அடைந்து கிடக்கின்றன. ஆகவே தேனின் எடையைத் தீர்மானிப்பது அதிலுள்ள நீரின் அளவு. நீர் 17 சதவீதம் இருந்தால் ஒரு மில்லி தேன் 1.42 கிராம். 18 என்றால் 1.417. 20 ஆகும்போது 1.40. அதாவது ஈரம் ஒரு சதவீதம் கூடினால் எடை அரை சதவீதம் குறைகிறது, அவ்வளவுதான். இந்த எண்கள் 20 டிகிரி வெப்பநிலையில் அளந்தவை. நம் ஊர்ச் சமையலறை மே மாதத்தில் 35 டிகிரி இருக்கும். அதனால் ஒரு கப்புக்கு 2 கிராம் குறையலாம். சூடுபடுத்தினால் தேன் தண்ணீர் மாதிரி ஓடுகிறதே, எடையும் அப்படிக் குறையாதா என்று கேட்பார்கள். ஓட்டம்தான் மாறுகிறது, எடை கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது.

சரி, இப்போது எண்கள். மேலே சொன்ன 1.417-ஐ வைத்துக்கொண்டால் 5 மில்லி டீஸ்பூன் ஒன்றுக்கு 7 கிராம், 15 மில்லி டேபிள்ஸ்பூனுக்கு 21 கிராம், 60 மில்லி கால் கப்புக்கு 85, அரைக்கு 170, 240 மில்லி முழுக் கப்புக்கு 340. உங்களுடையது மாதிரி 250 மில்லி கப் என்றால் 354. திருப்பிப் போட வேண்டுமானால் கிராமை 0.7-ஆல் பெருக்குங்கள். 500 கிராம் பாட்டில் 350 மில்லி, ஒரு கிலோ 700 மில்லிக்குச் சற்று மேல். நான் கடையில் புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு எண்களை மட்டும் சொல்லிக் கொடுப்பேன்: மில்லியைக் கிராமாக்க 1.4, கிராமை மில்லியாக்க 0.7. மீதியெல்லாம் இதிலிருந்து வந்துவிடும்.

எந்தத் தேனாக இருந்தாலும் இந்த எண் சரிப்படுமா? பாட்டில் தேனுக்கு நிச்சயமாகச் சரிப்படும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, எனவே அது 1.40-க்குக் கீழே போக வழியில்லை. ஆனால் மலையிலிருந்து நேராக வருகிற தேன் அப்படியில்லை. என் கடைக்கு மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வருடத்தின் முதல் மாதங்களில் ரப்பர் தேன் டின்னில் வரும். ரப்பர் மரத்தில் தேனீக்கள் பூவைவிடத் தளிர் இலைக் காம்பில் சுரக்கிற இனிப்பைத்தான் அதிகம் எடுக்கின்றன. அந்தத் தேன் பெரும்பாலும் சற்று இளக்கமாக இருக்கும். பாறையில் கட்டுகிற மலைத்தேனும், தேனீக்கள் அறையை மெழுகால் மூடும் முன்னே அவசரப்பட்டு எடுத்த அடுக்குத்தேனும் அப்படியே. கொசுத்தேன் எல்லாவற்றையும்விட நீர்ப்பு. அதில் கால் பங்குக்கு மேல் நீர் இருப்பது சாதாரணம்.

இதைச் சோதிக்க என்னிடம் கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று இருக்கிறது. சின்னப் பேனா டார்ச் அளவுதான். கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டுத் தேனை வைத்து மூடியை அழுத்தி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் கண்ணை வைத்தால், உள்ளே மேலே நீலமும் கீழே வெள்ளையுமாக ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் ஈரம். ஒவ்வொரு டின்னையும் திறந்ததும் பார்த்துவிடுவேன். 25 சதவீத ஈரமுள்ள தேன் என்றே வையுங்கள், ஒரு மில்லி 1.36 அல்லது 1.37 கிராம் வரும். 240 மில்லி கப்பில் 327 கிராம். கெட்டித் தேனின் 340-உடன் ஒப்பிட்டால் வித்தியாசம் 13 கிராம், அதாவது நூற்றுக்கு நான்கு. இவ்வளவு நீர்த்த தேனை எடுத்தாலும் கணக்கு இவ்வளவுதான் தவறும். கேக் இதைப் பொருட்படுத்தாது.

அப்படியானால் பிழை எங்கிருந்து வருகிறது? கப்பிலிருந்து. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்குப் போதவில்லை. அமெரிக்க ரெசிபியில் கப் என்றால் 237 மில்லி, அதை 240 என்று முழுமையாக்கிச் சொல்வார்கள். ஆஸ்திரேலிய ரெசிபியில் 250. ஜப்பானில் 200. நம் வீட்டில் ரைஸ் குக்கரோடு வந்த பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 180 மில்லி, அதையே எல்லாவற்றுக்கும் கப்பாகப் பயன்படுத்துகிற வீடுகள் ஏராளம். 180 மில்லியில் தேன் 255 கிராம் பிடிக்கும். 340 கேட்கிற ரெசிபிக்கு அதை ஊற்றினால் கால் பங்கு குறைந்துபோகும். எவர்சில்வர் டம்ளரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அடுத்தடுத்து அடுக்கி வைத்திருக்கும் நான்கு டம்ளர்களும் நான்கு அளவு. ஸ்பூனிலும் இதே கதை. ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூன் 20 மில்லி, மற்ற பல இடங்களில் 15. தேனில் இது 28 கிராமுக்கும் 21 கிராமுக்கும் உள்ள வித்தியாசம். நீங்கள் பார்த்த ரெசிபி எந்த நாட்டுக்காரருடையது என்று முதலில் பாருங்கள். ஃபாரன்ஹீட்டில் சூடு சொல்லி, வெண்ணெயை ஸ்டிக் கணக்கில் சொன்னால் அமெரிக்கா. அதற்குமேல் உறுதியாகச் சொல்ல வழியில்லை. கப் எவ்வளவு என்று எழுதாத ரெசிபியில் எத்தனை கணக்குப் போட்டாலும் அது ஊகம்தான்.

அமெரிக்க ரெசிபியில் இன்னொரு பள்ளம் இருக்கிறது, அவுன்ஸ். அவர்களுக்கு அவுன்ஸ் என்ற ஒரே சொல்தான், ஆனால் திரவ அவுன்ஸ் வேறு, எடை அவுன்ஸ் வேறு. ஒரு கப் என்பது 8 திரவ அவுன்ஸ். அந்தக் கப் நிறையத் தேனை நிறுத்தால் 12 எடை அவுன்ஸ், அதாவது 340 கிராம். கரடி உருவத்தில் பிளாஸ்டிக் தேன் பாட்டில் பார்த்திருப்பீர்கள், அதில் பிரபலமான அளவு 12 அவுன்ஸ். முழுப் பாட்டிலையும் பிழிந்தால் சரியாக ஒரு கப். இதைத் தெரிந்துகொண்டால் 8 அவுன்ஸ் தேன் என்று ரெசிபியில் பார்க்கும்போது எந்த அவுன்ஸ் என்று ஒரு நிமிடம் நின்று யோசிப்பீர்கள். 340 கிராமா 227 கிராமா என்பது சின்ன விஷயம் இல்லை.

அதனால் யாராவது கொடுத்த பட்டியலை ஃபிரிட்ஜில் ஒட்டுவதைவிட, உங்கள் கப்புக்கான எண்ணை நீங்களே கண்டுபிடித்துக்கொள்வது நல்லது. ஐந்து நிமிட வேலை. சமையலறைத் தராசில் காலிக் கப்பை வையுங்கள், டேர் பட்டனை அழுத்திப் பூஜ்யம் ஆக்குங்கள். கப்பின் விளிம்பு மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். தராசு காட்டுகிற கிராம்தான் உங்கள் கப்பின் மில்லி. அதை 1.4-ஆல் பெருக்கினால் அந்தக் கப் பிடிக்கிற தேனின் எடை. கப்பின் அடியில் என்ன பொறித்திருந்தாலும் இதையே நம்புங்கள். 250 என்று பொறித்த கப்புகள் விளிம்பு வரை ஊற்றினால் 260, 265 காட்டியதை நான் பார்த்திருக்கிறேன், அவற்றில் 250 கோடு விளிம்புக்குக் கொஞ்சம் கீழே இருக்கும். ஸ்பூனுக்கு ஒரே ஒரு ஸ்பூன் தண்ணீரை நிறுக்காதீர்கள், வீட்டுத் தராசு ஒரு கிராம் முன்னே பின்னே காட்டும். பத்து ஸ்பூன் ஊற்றிப் பத்தால் வகுங்கள்.

கப்பைச் சரிசெய்த பிறகும் ஒரு பிழை மிச்சம் இருக்கிறது, அது கையில் இருக்கிறது. ஒரு டேபிள்ஸ்பூன் தேனை எடுத்துப் பாத்திரத்தில் சரியுங்கள். நூலாக இறங்கும், மெலியும், அறுந்ததாகத் தோன்றும். ஸ்பூனைத் திருப்பினால் குழிக்குள் இன்னும் ஒரு பளபளப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அது ஒரு கிராமிலிருந்து இரண்டு கிராம் வரை இருக்கும். அடிப்பக்கத்தில் ஒட்டிய தேன் வேறு, அது அளவிலேயே சேராதது, ஆனால் பாத்திரத்தில் விழும். இந்த இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டும் என்று நம்பி ஆறு ஸ்பூன் அளந்தால் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. தராசு இல்லாதவர்கள் ஸ்பூனில் ஒரு சொட்டு எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், தேன் வழுக்கிக்கொண்டு முழுவதும் இறங்கிவிடும். ரெசிபியில் எண்ணெயும் இருந்தால் எண்ணெயை முதலில் அளந்துவிட்டு அதே ஸ்பூனில் தேனை அளக்கலாம்.

தராசு இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி உண்டு. தேன் பாட்டிலையே தராசில் வையுங்கள். மூடி இல்லாமல், உள்ளே ஒரு ஸ்பூனுடன் வைத்தாலும் சரி. பூஜ்யம் ஆக்குங்கள். இப்போது பாட்டிலை எடுத்து மாவில் ஊற்றிவிட்டுத் திரும்ப வையுங்கள். தராசு கழித்தல் குறியுடன் ஒரு எண் காட்டும். கழித்தல் 85 என்றால் 85 கிராம் மாவுக்குள் போய்விட்டது. பாட்டில் வாயில் வழிந்தது, ஸ்பூனில் ஒட்டியது எதுவும் கணக்கில் வராது. உண்மையில் பாத்திரத்தில் விழுந்தது மட்டுமே கணக்கில் வரும். கப்பும் கழுவ வேண்டாம். நான் இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து தேனுக்குக் கப் எடுத்ததே இல்லை.

மாவுப் பாத்திரத்தைத் தராசில் வைத்து நேராக ஊற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல வீட்டுத் தராசுகள் பூஜ்யத்தில் நிற்கும்போது மிக மெதுவாக ஏறுகிற எடையைக் காற்று அசைவு என்று நினைத்துத் தானே மறுபடி பூஜ்யம் ஆக்கிக்கொள்ளும். தேன் முதலில் நூலாகத்தானே விழும்? இரண்டு மூன்று கிராம் விழுந்தும் தராசு பூஜ்யத்திலேயே நிற்கும். குறைந்த அளவு தேன் எடுக்கும்போது இது பெரிய பிழை. பாத்திரத்தோடு ஒரு சின்னக் கரண்டியையும் தட்டில் வைத்து, பூஜ்யம் ஆக்காமல் காட்டுகிற எடையைக் குறித்துக்கொண்டு அதற்கு மேல் கூட்டிக்கொண்டு போனால் தப்பிக்கலாம்.

உறைந்த தேனுக்கு என்ன செய்வது? சில தேன்கள், குறிப்பாக ரப்பர் தேனும் கடுகுப் பூத் தேனும், சீக்கிரமே சர்க்கரை மாதிரி உறைந்துவிடும். கலப்படத்தால்தான் அப்படி ஆனது என்று தூக்கிப் போடாதீர்கள், அது தேனின் இயல்பு. எடையில் எந்த மாற்றமும் இல்லை. 85 கிராம் உறைந்த தேனும் 85 கிராம் ஓடுகிற தேனும் சமையலில் ஒன்றே. கப்பில் அளக்கும்போதுதான் சிக்கல், கட்டிகளுக்கு நடுவே இடைவெளி விட்டு நிற்கும், அல்லது ஸ்பூனில் கோபுரமாகக் குவியும். கப்பில்தான் அளந்தாக வேண்டும் என்றால் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில், கை பொறுக்கிற சூட்டில் வைத்து இளக்கிக்கொண்டு அளங்கள். மேலே நுரை நிற்கிற தேனையும் அப்படியே விட்டுத் தெளிய வைத்து அளப்பது நல்லது, நுரை என்றால் பாதி காற்று.

இத்தனை துல்லியம் எல்லாவற்றுக்கும் தேவையா என்றால், இல்லை. நம் பேக்கரிகளில் விற்கிற தேன் கேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் சாதாரண ஸ்பாஞ்ச், அதன் மேல் சர்க்கரையும் தண்ணீரும் கொதிக்க வைத்து ஆறியதும் தேன் கலந்த பாகை ஊற்றி ஊற வைத்து, மேலே ஜாம் தடவித் தேங்காய்த்துருவல் தூவுவோம். அந்தப் பாகில் தேன் 20 கிராம் கூடினாலும் குறைந்தாலும் ஒன்றும் கெடாது, நாக்கு சொல்கிறபடி சேர்க்கலாம். தினைமாவில் தேன் விட்டுப் பிசைவதும், வீட்டில் பஞ்சாமிர்தம் கலப்பதும் அப்படித்தான், கைப்பதம்தான் அளவு. ஆனால் தேனே கட்டமைப்பாக நிற்கிற பண்டங்கள் வேறு. ஓட்ஸ் பாரில் தேன் குறைந்தால் உதிரும், கூடினால் வில்லையாக வெட்ட வராது. பிஸ்கட்டில் இன்னும் மோசம்.

பேக்கரி தொடங்கிய இரண்டாம் வருடம் ஒரு கல்யாண ஆர்டருக்குத் தேன் பிஸ்கட் போட்டோம். அளவுச் சீட்டில் தேன் 400 என்று மட்டும் எழுதி வைத்திருந்தேன். நான் எழுதியது கிராம். அன்று புதிதாக வேலைக்கு வந்த பையன் அளவு ஜாடியை எடுத்து 400 மில்லி கோடு வரை ஊற்றிவிட்டான். 564 கிராம். அடுப்பில் வைத்த எட்டு நிமிடத்தில் பிஸ்கட்டுகள் ஒன்றோடொன்று ஓடிச் சேர்ந்து தட்டு முழுவதும் ஒரே தகடாகிவிட்டன. ஓரமெல்லாம் கறுத்து, தட்டிலிருந்து பெயர்க்கக் கரண்டியால் சுரண்ட வேண்டியிருந்தது. தப்பு அவனுடையது இல்லை, அலகை எழுதாத என்னுடையது. அன்றிலிருந்து என் சீட்டில் அலகு இல்லாமல் ஒரு எண்ணும் கிடையாது.

அப்புறம், இந்தக் கேள்வி கேட்கிற பலரும் அடுத்துக் கேட்பது சர்க்கரைக்குப் பதில் தேன் போடலாமா என்பது. எடை தெரிந்துவிட்டால் இதுவும் எளிது. 200 கிராம் சர்க்கரை, அதாவது ஒரு கப், ரெசிபியில் இருக்கிறது என்று வையுங்கள். தேனில் 82 சதவீதம்தான் திடப்பொருள். அதே அளவு திடப்பொருள் வேண்டுமானால் 244 கிராம் தேன் தேவை, அது முக்கால் கப்புக்குச் சற்றுக் குறைவு. அந்த 244 கிராமுக்குள் 44 கிராம் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. எனவே ரெசிபியிலுள்ள பாலிலோ தண்ணீரிலோ 3 டேபிள்ஸ்பூன் குறைக்க வேண்டும். ஒரு கப் தேனுக்குக் கால் கப் திரவத்தைக் குறை என்று பழைய சமையல் குறிப்புகளில் ஒரு விதி இருக்கிறது. கணக்குப் பார்த்தால் 340 கிராம் தேனில் நீர் 60 கிராம், கால் கப்பும் 60 மில்லி. அந்த விதியைச் சொன்னவர்கள் தராசு வைத்துச் சொன்னார்களா கை அனுபவத்தில் சொன்னார்களா, எப்படியானாலும் மிகச் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். தேன் புளிப்புத் தன்மை உள்ளது, அதனால் ஒரு கப் தேனுக்குக் கால் டீஸ்பூன் சமையல் சோடா சேர்ப்பார்கள். பழச்சர்க்கரை சீக்கிரம் சிவக்கும், அதனால் ஓவனில் சூட்டை 15 டிகிரி செல்சியஸ் குறைப்பார்கள். எடைக் கணக்கை நான் உறுதியாகச் சொல்வேன். சோடாவும் சூடும் அப்படியில்லை, உங்கள் மாவையும் ஓவனையும் பொறுத்தவை. முதல் தடவை கால் அளவு மாவில் செய்து பார்த்துவிட்டு முழு அளவுக்குப் போங்கள்.

1.4 என்ற எண்ணை இனிப்பான எல்லாத் திரவத்துக்கும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மேப்பிள் சிரப் 1.32-க்குப் பக்கம், கண்டென்ஸ்டு மில்க் 1.3-க்குப் பக்கம். வெல்லப்பாகு எந்தப் பதத்தில் இறக்கினோமோ அதைப் பொறுத்தது, கம்பிப் பதத்துக்கு முன்னும் பின்னும் எடை மாறும். அதற்குப் பொது எண் சொல்வது சரியில்லை, நிறுத்துத்தான் பார்க்க வேண்டும். நெய் மறுபக்கம், தண்ணீரைவிட லேசு. தேனும் நெய்யும் சம அளவில் சேரக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள் இல்லையா, அதன் மருத்துவப் பக்கத்தைச் சித்த, ஆயுர்வேத மருத்துவர்கள்தான் சொல்ல வேண்டும், நான் பேச வேண்டிய இடம் அது இல்லை. ஆனால் ஒரு ஸ்பூன் நெய்யும் ஒரு ஸ்பூன் தேனும் எடுத்தால் எடையில் அவை சமம் இல்லை, தேன் ஒன்றரை மடங்கு இருக்கும் என்பதை மட்டும் சொல்லலாம்.

கலப்படம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எடையையும் கன அளவையும் வைத்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் பிடிக்கலாம்: தண்ணீர் சேர்த்திருக்கிறார்களா என்பது. 100 மில்லி தேன் 135 கிராமுக்கும் கீழே போனால் நீர் அதிகம். சர்க்கரைப் பாகு கலந்ததை இது காட்டவே காட்டாது. தேன் அளவுக்கு இறுகக் காய்ச்சிய பாகும் அதே எடைதான் இருக்கும். டம்ளர் தண்ணீரில் விட்டால் அடியில் போய் உட்காருவது, நகத்தில் சொட்டு ஓடாமல் நிற்பது எல்லாமே கெட்டியான பாகுக்கும் பொருந்தும். அந்தச் சோதனைகளை நம்பி ஒருவரைத் திருடன் என்று சொல்ல வேண்டாம், நல்லவர் என்றும் சொல்ல வேண்டாம். அதற்கு ஆய்வகம்தான் வழி. கரும்பு, மக்காச்சோளச் சர்க்கரையைக் கார்பன் ஐசோடோப்புச் சோதனையில் பிடிக்கிறார்கள், அரிசிப் பாகு அதிலும் தப்பிவிடும், அதற்கு வேறு சோதனைகள் இருக்கின்றன. மலைப்பாதை ஓரத்தில் பழைய 750 மில்லி பாட்டிலில் தேன் வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு கணக்கு: கழுத்து வரை நிறைந்திருந்தால் அதில் 1 கிலோவுக்குச் சற்று மேல் தேன் இருக்கும். ஒரு கிலோ என்று சொல்லி விற்கிறவர் உங்களை எடையில் ஏமாற்றவில்லை. அதே விலைக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தந்தால் அது 700 கிராம்தான்.

இனி உங்கள் கேக். ரெசிபி அமெரிக்காவுடையது என்று வைத்துக்கொண்டால் 340 கிராம் வேண்டும். உங்களிடம் 250 கிராம் இருக்கிறது. பாட்டிலில் ஒட்டியது போக 245 என்று வைப்போம். மாவைக் கலப்பதற்குச் சொல்லியிருக்கிற பாலில் கொஞ்சத்தை வெதுவெதுப்பாக்கிப் பாட்டிலில் ஊற்றிக் குலுக்கினால் அந்த 5 கிராமும் வந்துவிடும். குறைகிற 90 கிராமுக்கு இன்னொரு பாட்டில் வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. 75 கிராம் சர்க்கரையும் 1 டேபிள்ஸ்பூன் தண்ணீரும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணம் கொஞ்சம் குறையும், நிறம் ஒரு படி வெளுப்பாக வரும், கேக் சரியாக எழும்பும். தேனைக் கப்பில் ஊற்றி வைத்துவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் அந்தக் கப்பை இப்போது கழுவிவிடாதீர்கள். ரப்பர் கரண்டியால் நன்றாக வழித்துவிட்டு, சர்க்கரைக்கான அந்த 1 டேபிள்ஸ்பூன் தண்ணீரையும் அதிலேயே ஊற்றி அலசி மாவில் சேருங்கள்.